மைலோ டின்

புதன்கிழமை, மூன்றரை மணி, ஈசூன்.
கடைத்தொகுதியின் மூன்றாம் மாடி,
தொடக்கநிலை ஐந்து, பதினோரு பேர்.
குளிரூட்டி கெட்டு இரண்டு வாரம்;
மின்விசிறி நான்கும்
தாள்களைத் தூக்கிப் பார்க்கின்றன.

மேசைமேல் ஒரு காலி மைலோ டின்.
மூடியில் உண்டியல் கீறல்.
கட்டுரையில் 'நல்ல' என்று எழுதியவர்
அதைத் துண்டுத்தாளில் எழுதி உள்ளே போடவேண்டும்.
'மிகவும்' வந்தாலும் அப்படியே. 'அழகான' வந்தாலும்.
ஆறு வாரத்தில் முக்கால் டின்.
குலுக்கினால் சத்தமே வருவதில்லை,
அவ்வளவு நெரிசல் உள்ளே.

எல்லாருக்கும் மனப்பாடமான தொடக்கம் ஒன்று உண்டு:
'கதிரவன் தன் பொற்கதிர்களைப் பரப்பிக்கொண்டிருந்தான்.'
இரண்டு வருடமாக என் கையில் வந்த எந்தத் தாளிலும்
அவன் அஸ்தமித்ததில்லை.
விபத்து இரவு பத்து மணிக்கு நடந்தாலும்
சாலையோரம் நின்று பரப்பிக்கொண்டிருப்பான்.

இன்று படக்கட்டுரை. நான்கு படங்கள்:
சைக்கிளில் பையன், சாலை விளக்கு,
விழும் மூதாட்டி, உருளும் ஆரஞ்சுகள்.
தேர்வுத்தாளுக்காக இந்தத் தீவில்
எத்தனை மூதாட்டிகள் விழுந்து எழுந்திருப்பார்கள்!

பழங்கள் என்ன செய்தன, கேட்டேன்.
"உருண்டன."
வேறு?
"சிதறின." "தெறித்தன."
கடைசி வரிசையிலிருந்து நிதர்சனா:
"தப்பிச்சிடுச்சு டீச்சர்."
வகுப்பு சிரித்தது.
பலகையில் எழுதினேன்: தப்பித்தன.
அன்று முழுக்க ஒரு பழத்துக்குக் கால் இருந்தது.

மழை வந்தது. அதையும் விடவில்லை.
'பெய்தது' வேண்டாம், ஜன்னலைப் பாருங்கள் என்றேன்.
தூறவில்லை. சிணுங்கவில்லை.
எதிர் புளோக்கின் மூங்கில் கழியில்
யாரோ மறந்துபோன போர்வையை
அடித்துத் துவைத்துக்கொண்டிருந்தது.
"வெளுத்து வாங்குது" என்றான் கெவின்ராஜ்.
மழைக்கு இல்லையாம், அவன் தேர்வு மதிப்பெண் வந்தபோது
அம்மா சொன்ன சொல்லாம்.
அதுவும் பலகையேறியது.

பிறகு இர்ஷாத்தின் தாள்.
'அத்தா வந்தார்.'
'வந்தார்' மேல் சிவப்பு வட்டம் போட்டேன்.
எப்படி வந்தார்? விரைந்தா, தளர்ந்தா, தள்ளாடியா?
பின்பக்கத்தில் பட்டியல் இருக்கிறதே,
முப்பத்திரண்டு வினைச்சொற்கள்,
நானே தட்டச்சு செய்து நானே உறையிட்டது.
மேலிருந்து கீழே விரல் வைத்துப் படித்தான்.
அளவு சேராத சட்டையைக் கடையில் திருப்புகிறவன்போல
என்னிடமே நீட்டினான்.

பத்து நிமிடம். பென்சிலைக் கடித்தான்.
திரும்பி வந்த தாளில்
'வந்தார்' அசையாமல் அங்கேயே இருந்தது,
என் வட்டத்துக்குள், தொட்டியில் ஆமைபோல.
முன்னால் மட்டும் புதிதாக:

'விடிகாலை ஐந்து மணிக்கு
பூட்ஸைக் கையில் பிடித்துக்கொண்டு
தம்பி முழிச்சிடக்கூடாதுன்னு
விளக்கைப் போடாமல் அத்தா வந்தார்.'

"எங்க வேலை அத்தாவுக்கு?"
"துவாஸ். கிரேன். நைட் ஷிஃப்ட்."

பேச்சுவழக்கைத் திருத்தவேண்டும்.
'விழித்துவிடக்கூடாது என்று' என்பதுதான் முறை.
பேனாவைத் திறந்தேன்.
அந்தச் சத்தத்தில் தம்பி முழித்துக்கொள்வானோ என்று
மூடி வைத்துவிட்டேன்.

போட்ட வட்டத்தை என்ன செய்வது?
சிவப்பு மை அழியாது.
அதற்குள் ஒரு சரிக்குறி போட்டேன்.
இப்போது பார்த்தால்
முதலிலிருந்தே பாராட்டியதுபோல இருந்தது.
ஏமாற்றுதான்.

ஐந்தரைக்குப் பிள்ளைகள் போனார்கள்.
இல்லை, போகவில்லை: பைகளை இழுத்து, இரைந்து,
மின்தூக்கியின் பொத்தான்கள் அத்தனையும் அமுக்கி,
ஒவ்வொரு மாடியிலும் கொஞ்சம் கத்திவிட்டு இறங்கினார்கள்.

மாத அறிக்கையில் ஆளுக்கொரு கட்டம்.
இரண்டு வரி கொள்ளும்.
இர்ஷாத் பெயருக்கு எதிரே
கை தானாக எழுதியது:
'நல்ல மாணவன். மிகவும்'

டின் பக்கத்திலேயே இருந்தது.
இரண்டு துண்டு கிழித்தேன்.
இடமில்லை; பென்சிலால் குத்தி உள்ளே தள்ளினேன்.
மின்விசிறிகளை நிறுத்திவிட்டு
வேறு அறிக்கைத் தாள் எடுத்தேன்:

'சொன்னால் கேட்பான். பத்து நிமிடம் யோசிப்பான்.
பிறகு மாற்றமாட்டான்.'